சாம்பார் ஊற்றினால் விடுதி

பொன்னாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நின்றுகொண்டிருக்க முடியாது. எங்கே இருக்கிறாரோ அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கல்லூரி விடுதி ஒன்றின் சமையல்கட்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி தெரிந்தால், கூட வேலை செய்யும் பெண்கள் முதலில் அவர் கையிலிருக்கும் கரண்டியைத்தான் பிடுங்கி வைப்பார்களாம். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற வீட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்து, சென்ட்ரிங் வேலை செய்யும் கொளஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு, பெரம்பலூரில் ஏழு வாடகை வீடு மாறியவர். சிரிக்கப் பெரிய காரணம் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் வரும்.

பிறகு குரும்பலூரில் இவர்களுக்கு ஒரு மனை அமைந்தது. கொளஞ்சி வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டுக் கூரைக்குப் பலகை அடித்துவிட்டு, ஏழாவது நாள் தன் வீட்டுக்கு அடிப்பார். அதனால் கீழ்வீடு முடிய நாலு வருஷம், மாடி முடிய இன்னும் மூன்று வருஷம் ஆனது. மாடியில் நாலு அறைகள். மகன் அறிவரசன் கல்யாணம் முடித்து வந்து இருப்பான் என்று கட்டியவை. அவன் திருப்பூரில் வேலை பிடித்தான், அங்கேயே பெண் பார்த்தான், அங்கேயே தங்கிவிட்டான். மாடிக்கு வீட்டு ஆடு மட்டும் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தது.

எறையூரில் செருப்புத் தொழிற்சாலை வந்து பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தபோது, கம்பெனி பஸ் பொன்னாயி வீட்டுத் தெருமுனையில் நிற்கத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் அதிலிருந்து இறங்கிய ஒரு பெண் வாசலில் வந்து தண்ணீர் கேட்டாள். பேர் பிரவீணா. செந்துறைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மேல யாருக்கா இருக்காங்க?"

"யாருமில்லம்மா. நாலு ரூமுலயும் ஆடுதான் இருக்கு."

"ஆட்டுக்கு நாலு ரூமாக்கா?"

பொன்னாயி செம்போடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரவீணா அதுவரை டவுனில் ஐந்து வீடு கேட்டிருந்தாள். தனியாகவா இருப்பாய், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எத்தனை மணிக்குத் திரும்புவாய், யாரோடு திரும்புவாய் என்று ஐந்து வீட்டிலும் ஒரே பரீட்சை. ஐந்திலும் பெயில். பொன்னாயி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பச்சமொளகா ஒத்துக்குமா ஒனக்கு?" ஒத்துக்கொள்ளும் என்றாள். மறுநாள் பெட்டி வந்தது. அடுத்த வாரம் கவியா வந்தாள், அவள் பின்னால் சத்யப்பிரியா. ஆறே மாதத்தில் மாடியில் பதினொரு பேர். ஆடு கீழே இறங்கிவிட்டது.

நோட்டீஸ் கொண்டுவந்தவர் பேரூராட்சி பில் கலெக்டர் நல்லுசாமி. பொன்னாயி மீன் அலசிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன தம்பி, வரிதான் கட்டியாச்சே."

"வரி இல்லக்கா. நீங்க பெண்கள் விடுதி நடத்துறீங்களாம். அதுக்கு லைசென்ஸ் எடுக்கணும்."

"விடுதியா? மேல வாடகைக்கு விட்டிருக்கேன், அவ்வளவுதான்."

நல்லுசாமி மூக்கை உறிஞ்சினார். உள்ளே அடுப்பில் முருங்கைக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளைங்களுக்கு நீங்கதான் ஆக்கிப் போடுறீங்களா?"

"போடாம? வேலைக்குப் போயிட்டு வர்ற புள்ளைங்க, பசியோடயா படுக்கும்?"

"ரூம் மட்டும் குடுத்தா வாடகை. சாம்பார் ஊத்துனா விடுதி. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க."

பொன்னாயி வாசற்படியில் உட்கார்ந்தார். நல்லுசாமி நல்ல மனுஷர். பொன்னாயி சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை பதினொரு பெண்களும் கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நோட்டீஸைப் படித்தார்கள். கவியா உரக்கப் படித்தாள். சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைக்கும் சிலிண்டர், வாசலில் கேமரா, ஒரு காவலாளி, வந்து போகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. முடிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"பேசாம சாம்பார நிறுத்திடலாமா?" என்றார் கொளஞ்சி.

"ரசம் ஊத்துனா என்னவாம் மாமா, கேட்டுச் சொல்லுங்க" என்றாள் பிரவீணா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு முறை ஐந்து வீடு ஏறி இறங்குவதை அவள் நினைத்திருக்க வேண்டும்.

பொன்னாயி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். ஏழு வாடகை வீட்டிலும் அவருக்கு யாரும் ஒரு துண்டுக் காகிதம் தந்ததில்லை. வா என்றதும் வாய்ச்சொல்தான், காலி பண்ணு என்றதும் வாய்ச்சொல்தான். இப்போது அரசாங்கமே ஒரு காகிதம் தருகிறேன் என்கிறது, அதுவும் அவர் பேரில்.

"எடுத்துடுவோம்" என்றார். "எடுத்துட்டு சாம்பாரும் ஊத்துவோம்."

பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சமூக நல அலுவலகத்து வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு உட்காரப் போன பொன்னாயிக்கு, அந்த பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வயதான அம்மாளைப் பார்த்ததும் கால் ஓடவில்லை. கிருஷ்ணம்மாள். உடையார்பாளையத்து நிலக்காரக் குடும்பம், டவுனில் பெரிய வீடு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பொன்னாயியும் கொளஞ்சியும் அந்த வீட்டின் பின்கட்டு அறையை வாடகைக்குக் கேட்டுப் போயிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, பால் காய்ச்ச நாள் பார்க்கும்போது, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார் கிருஷ்ணம்மாள். சாதியைத் தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பொன்னாயி தெருவைச் சொன்னார். "அடடே, அந்த ரூமை என் தம்பி மவனுக்குன்னு சொல்லிட்டேனே" என்று கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த அறை பூட்டியே கிடந்ததை, வேலைக்குப் போகிற வழியில் பொன்னாயி தினமும் பார்த்தார்.

இப்போது கிருஷ்ணம்மாள் வீட்டில் கல்லூரிப் பெண்கள் தங்கியிருந்தார்கள். அவருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?" என்று பொன்னாயியிடமே நீட்டினார். அடையாளம் தெரியவில்லை.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"எறையூர்ப் பக்கம்" என்ற பொன்னாயி, கேட்காமலே, கொஞ்சம் சத்தமாகவே சேர்த்துக்கொண்டார். "காலனித் தெரு."

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்தார். இந்த அம்மாளை என்றாவது பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பதினாறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையாக நின்றது.

கிருஷ்ணம்மாள் தலையை ஆட்டினார். "சரி, அந்த ஏழாவதுல என்னா கேக்குறான்? கக்கூஸ் எத்தனைன்னா?"

வரிசையில் நின்றதெல்லாம் கலைந்து சிரிப்பாக வெளியே வந்தது. நல்லவேளை, பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது.

"என்னம்மா, கக்கூஸ்னா உனக்கு அம்புட்டுச் சிரிப்பா?"

"ஒங்க வூட்டுல எத்தனம்மா இருக்கு?"

"ரெண்டு."

"எங்க வூட்டுல நாலு" என்றார் பொன்னாயி.

அன்று கிருஷ்ணம்மாளின் விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை பொன்னாயிதான் நிரப்பினார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்களுதுல எழுதிப் பாத்துட்டா என்னுதுல அடித்தல் வராதுன்னுதான்" என்பார். அடித்தல் இல்லாமல்தான் எழுதினார்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி தேவயானி, கண்டிப்பானவர் என்று பேர் எடுத்தவர். ஒவ்வொரு வரிக்கும் பேனாவால் ஒரு தட்டு.

"வீட்டுல ஆம்பளைங்க யாரு இருக்கா?"

"என் வீட்டுக்காரருதான் மேடம்."

"மாடிக்குப் போவாரா?"

"தண்ணி டேங்க் பாக்கப் போவாரு."

"அப்ப ஒவ்வொரு தடவையும் பதிவேட்டுல எழுதிட்டுத்தான் போகணும். புருஷன்னு விட முடியாது. அது விடுதி. காவலாளி வேணும்னு போட்டிருக்கே, யாரு?"

"இன்னும் ஆள் கெடைக்கல மேடம்."

"உங்க வீட்டுக்காரரையே போடுங்களேன். போலீஸ்ல சரிபார்த்துச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

இப்படித்தான் கொளஞ்சி, தான் ஏழு வருஷம் கட்டிய வீட்டுக்குத் தானே காவலாளி ஆனார். காவல் நிலையத்தில் எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த இடத்துல காவலாளி?"

"எங்க வூட்லதான் சார்."

"முதலாளி யாரு?"

"எம் பொண்டாட்டி சார்."

"நடத்தை எப்படி?"

"நல்லாப் பாத்துக்குவா சார்."

"உங்க நடத்தையக் கேட்டேன்."

"அத அவளத்தான் சார் கேக்கணும்."

எழுத்தர் நிஜமாகவே போனைப் போட்டுக் கேட்டார். இந்தப் பக்கம் பொன்னாயி, பதில் சொல்ல வாயைத் திறந்து, முடியாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் முழுக்கச் சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எழுத்தர் போனை வைத்துவிட்டு, "குடும்பத்துல பிரச்சினை இல்லன்னு தெரியுது" என்று கையெழுத்துக்கு அனுப்பினார்.

பதிவேட்டில் முதல் கையெழுத்தும் கொளஞ்சியுடையதுதான். பெயர்: கொளஞ்சி. யாரைப் பார்க்க: தண்ணி டேங்க். உறவு என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'கட்டியவன்' என்று எழுதினார். வீட்டையா, பொன்னாயியையா என்று பிரவீணா கேட்டதற்கு, "ரெண்டையும் நாந்தான்" என்றார்.

தேவயானி மேடம் வீட்டைப் பார்க்க வருகிற நாள் தெரிந்ததும் பெண்கள் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கே என்ன இருக்கிறது என்று பலகை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் மேடம். கவியாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'சமையலறை', 'குளியலறை', 'அவசர வழி' என்று ஆரம்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அட்டை மிச்சம் இருந்தது, மையும் மிச்சம் இருந்தது. 'படிக்கட்டு' என்று படிக்கட்டில் ஒட்டினாள். சத்யப்பிரியா 'முருங்கை மரம்' எழுதச் சொன்னாள். 'அம்மி', 'துணி காயும் கொடி', 'காவலாளி உட்காரும் நாற்காலி' எல்லாம் வந்தன. மேடம் வந்த காலையில் வீட்டில் முப்பத்தொரு பலகைகள் இருந்தன. முப்பத்தொன்றாவது ஆட்டின் கழுத்தில் தொங்கியது. அதில் 'ஆடு' என்று எழுதியிருந்தது.

தேவயானி மேடம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஆட்டின் முன்னால் நின்றார். படித்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். லீவு போட்டு வரிசையாக நின்ற பெண்களில் பாதிப் பேர் தாவணியை, துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள்.

அறைகள் சரி. ஜன்னல்கள் சரி. நாலு கழிப்பறையும் சரி. கேமராவில் மேடமே தெரிந்தார், அதுவும் சரி. கடைசியாக மாடி வராந்தாவில் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டருக்கு வந்தார்.

"தீப்பிடிச்சா இத எப்படிப் பயன்படுத்துவீங்க? யாராவது சொல்லுங்க."

சொல்லத்தான் கேட்டார். ஆனால் கொளஞ்சி ஒரு வாரமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். காக்கிச் சட்டையோடு முன்னால் வந்து சிலிண்டரை இறக்கி, "மொதல்ல இந்த வளையத்த இப்படி இழுக்கணும் மேடம்" என்று இழுத்தார். "அப்புறம் இத இப்படி அமுக்கணும்" என்று அமுக்கினார்.

அப்புறம் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. வராந்தா முழுக்க வெள்ளை. மாவு மில்லுக்குள் நின்ற மாதிரி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். புகை அடங்கியபோது மேடத்தின் நீலப் புடவை வெள்ளைப் புடவையாகியிருந்தது. புருவம் வெள்ளை, குறிப்பேடு வெள்ளை. கொளஞ்சி மட்டும் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். எப்படி நிறுத்துவது என்று அந்த ஒரு வாரத்தில் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பொன்னாயி, போச்சு என்று நினைத்தார். எல்லாம் போச்சு, இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எங்கே போகும் என்று நினைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, சிரிக்க வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவயானி மேடம் மூக்கைத் துடைத்தார். தும்மினார். மாடிப்படி வழியாக ஏறி வந்து எட்டிப் பார்த்த ஆட்டைப் பார்த்தார். அதன் கழுத்துப் பலகையை இன்னொரு முறை படித்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்த பொன்னாயி பக்கத்தில் போனார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில், வெள்ளைத் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அதே வியாதி. பொன்னாயியும் உட்கார்ந்தார். பதினொரு பெண்களும் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

கீழே வந்து முகம் கழுவியதும் மேடம் பழையபடி கண்டிப்பானார்.

"சிலிண்டர் காலி. காலி சிலிண்டர வச்சிக்கிட்டு நான் சிபாரிசு எழுத முடியாது. நிரப்பிட்டுச் சொல்லுங்க, திரும்ப வரேன்." பிறகு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "நல்லா அமுக்குறாரு. வேலை செய்யுதான்னு தனியாப் பாக்க வேண்டியதில்ல" என்றார். சாப்பிடக் கூப்பிட்டபோது மாட்டேன் என்றுவிட்டார். தூக்கில் சாம்பார் கொடுத்ததற்கும் சிபாரிசு எழுதின பிறகுதான் வாங்கிக்கொள்ள முடியும் என்றார்.

சிலிண்டர் நிரப்பத் திருச்சிக்குப் போக வேண்டும். கொளஞ்சி அதை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"சிலிண்டரெல்லாம் ஏத்தக் கூடாது பெரியவரே, தீப்புடிச்சிடும்."

"இது தீய அணைக்கிற சிலிண்டர் சார்."

"எதா இருந்தா என்ன, சிலிண்டர் சிலிண்டர்தான்."

"பஸ்ஸு தீப்புடிச்சா என்ன சார் பண்ணுவீங்க?"

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கொக்கியைக் காட்டினார். அது காலியாக இருந்தது. "திருச்சி வரைக்கும் அதுல மாட்டிட்டு வாங்க. கேட்டா நம்ம பஸ்ஸோடதுன்னு சொல்லுவேன்." காலி சிலிண்டர் ஒன்று அன்று பெரம்பலூரிலிருந்து திருச்சி வரை ஒரு பஸ்ஸைப் பாதுகாத்துக்கொண்டு போனது.

மேடம் இரண்டாவது முறை வந்து பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் உரிமம் தயாராக இருப்பதாகப் போன் வந்தது. பொன்னாயி கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வாங்கிக்கொண்டார். முத்திரை, கையெழுத்து, நடுவில் பேர். கூட வந்த கொளஞ்சி ஒரு தடவை படித்தார். பொன்னாயி பஸ் ஸ்டாண்ட் வரும் வரை படித்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நீட்டி, "இத உங்க வாயால ஒரு தரம் படிங்க, கேக்குறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. கம்பெனி பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பொன்னாயியால் வீட்டில் இருக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் நடந்தார். ஒரு நிறுத்தம் தாண்டி, இரண்டு நிறுத்தம் தாண்டி, புளியமரத்தடியில் நின்றார். கம்பெனி பஸ் தூரத்தில் தெரிந்ததும் ரோட்டுக்கு நடுவில் போய்ப் புடவைத் தலைப்பை வீசினார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னக்கா இது, பிரேக் புடிக்கலன்னா என்னா ஆவறது?"

பொன்னாயி காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். பிரவீணா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டுப் பறித்துக்கொண்டாள். "உரிமதாரர் பெயர், திருமதி கொ. பொன்னாயி" என்று படித்தாள். பஸ்ஸுக்குள் கூச்சல் எழுந்தது. காகிதம் சீட்டு சீட்டாகப் பின்னால் போனது. வேறு வேறு ஊர்களில் இறங்குகிற, பொன்னாயியை ஒருநாளும் பார்த்திராத பெண்களெல்லாம் படித்தார்கள். "எங்க ஊருல எங்க சித்தி வூடு சும்மாத்தான் கெடக்கு, இதுக்கு எங்க போயி எழுதணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "எடம் இருக்காக்கா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அந்த மூன்று பேரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

"எடுக்கலாமாக்கா?" என்றார் டிரைவர்.

"எடுக்காதீங்க. என் பேப்பரு பின்னாடி போயிட்டுது" என்று சொல்லிக்கொண்டே பொன்னாயி பஸ்ஸில் ஏறினார். ஆனால் டிரைவர் எடுத்துவிட்டார். பொன்னாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகத் துரத்திக்கொண்டு போனார். அவர் போகப் போக அது வேறு பக்கமாகத் திரும்பி வந்தது. இதற்குள் வீட்டுத் தெருமுனை வந்து, தாண்டியும் போய்விட்டது. நிறுத்தச் சொல்ல வேண்டிய பதினொரு பேரில் ஒருத்திக்கும் அது ஞாபகம் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எல்லோருமாகத் திரும்பி நடந்தார்கள். நாள் முழுக்க வேலையில் நின்ற கால்களோடு, முக்கால் கிலோமீட்டர். வயலில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள், என்ன கல்யாணமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள் கவியா. காகிதத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தியின் கட்டை விரல், செருப்புக்கு ஒட்டும் பசையோடு பதிந்திருந்தது. லேமினேட் செய்கிறவர் துடைத்துத் தருகிறேன் என்றபோது பொன்னாயி வேண்டாம் என்றுவிட்டார். யார் விரல் அது என்று இன்றைக்குக் கேட்டாலும், பதினாலு பேரும் என்னுடையது என்கிறார்கள்.